சித்ரகலா போட்ட பூட்டு

சித்ரகலா யாரையும் எடுத்த எடுப்பில் நம்பியவள் அல்ல. பால்காரர் ஊற்றும் பாலில் அவ்வப்போது லேக்டோமீட்டரைப் போட்டுப் பார்ப்பாள், அதுவும் அவர் கண் முன்னாலேயே. கல்யாணப் பேச்சு வந்தபோது, மாப்பிள்ளை பல்லடத்தில் தறி சாமான் கடையில் கணக்கராக இருக்கிறார் என்று தரகர் சொன்னார். அவள் குண்டடத்திலிருந்து பஸ் ஏறிப்போய், ஏதோ பெல்ட் விலை விசாரிக்க வந்தவள் போல அந்தக் கடையில் நின்று, கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆள் போட்டோவில் இருந்தவர்தானா என்று கண்ணால் பார்த்த பிறகுதான் தலையை ஆட்டினாள். அந்த மாப்பிள்ளை பொன்னுச்சாமி இன்றைக்கும் வெளியே போய்விட்டு வந்தால், எங்கே போனேன், யாரைப் பார்த்தேன், ஏன் நேரமாயிற்று என்று அவள் கேட்பதற்கு முன்னாலேயே ஒப்பித்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார். பாவம், மனிதருக்குப் பழகிப்போய்விட்டது.

வீட்டில் இதைக் குணக்கேடு என்பார்கள். கம்பெனியில் இதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

பெருமாநல்லூர் ரோட்டில் இருக்கிற ஒரு பனியன் கம்பெனி அது. டாக்குமெண்ட் செக்‌ஷன் என்றால் அங்கே சித்ரகலாதான். சரக்கு வாங்குகிற வெளிநாட்டுப் பையர் ஒரு துணிமணிக்கு என்னென்ன கேட்கிறார், எந்தத் துணி, என்ன கலவை, என்ன கனம், கழுத்து எத்தனை சென்டிமீட்டர், லேபிள் எந்த ஓரத்தில் என்று அவ்வளவையும் ஒரு தாளில் கொண்டுவந்து ஒவ்வொரு பிரிவுக்கும் அனுப்புவது அவள் வேலை. ஸ்பெக் ஷீட் என்பார்கள். துணி பின்னுகிற நிட்டிங்கிலிருந்து பேக்கிங் வரைக்கும் அந்தத் தாளைப் பார்த்துத்தான் கை ஓடும். ஒரு தடவை சாயப்பட்டறையிலிருந்து வந்த கலர் கார்டை ஆளாளுக்குச் சரி என்று விட்டுவிட்டார்கள். இவள் அதை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது அந்த நீலம் இல்லீங்க" என்று திருப்பி அனுப்பினாள். ஆர்டர் தப்பித்தது. அன்றிலிருந்து முதலாளி அய்யாசாமி எந்தத் தாளில் கையெழுத்துப் போடுவதானாலும் பேனாவைத் திறப்பதற்கு முன்னால், "சித்ரகலா பாத்துட்டாங்களா?" என்று கேட்காமல் இருந்ததில்லை.

ஆக, ஊரையே சந்தேகப்படுகிற ஒருத்தியை ஒரு முதலாளி கண்ணை மூடிக்கொண்டு நம்பினார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

முதலாளியின் மகள் பூங்குழலி சென்னையில் படித்துவிட்டு வந்து கம்பெனியைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தாள். வந்ததும் அவள் கண்ணில் பட்டவை இந்த ஷீட்டுகள். வேர்டில் அடித்தவை. படத்தை இந்தப் பக்கம் தள்ளினால் அட்டவணை அந்தப் பக்கம் ஓடும். ஒரு ஷீட்டில் எழுத்து பெரிதாக இருக்கும், அடுத்ததில் பொடியாக இருக்கும். பத்து ஷீட் எடுத்துப் பார்த்தால் பத்துக் கம்பெனியிலிருந்து வந்தது மாதிரி இருக்கும். இனிமேல் எல்லாவற்றையும் லேட்டெக்கில் செய்வோம் என்றாள் பூங்குழலி. அது என்ன என்று கேட்டதற்கு அவள் சொன்ன விளக்கம் இதுதான்: தாள் எப்படி இருக்கும் என்று எழுதும்போது தெரியாது. இது தலைப்பு, இது அட்டவணை, இது பட்டியல் என்று வெறும் எழுத்தில் கட்டளை எழுதிக்கொண்டே போகவேண்டும். கடைசியில் ஒரு பட்டனைத் தட்டினால் மெஷினே எல்லாவற்றையும் அடுக்கி, அச்சுப் புத்தகம் மாதிரிப் பக்கம் கொடுத்துவிடும்.

எழுதும்போது தாள் கண்ணுக்குத் தெரியாது என்ற அந்த ஒரு வார்த்தையே சித்ரகலாவின் சந்தேகத்தைக் கிளப்பப் போதுமானதாக இருந்தது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் என்ன நடக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

அந்த வேலைக்கென்று பூங்குழலி கூட்டிவந்த ஆள் ஜெபக்குமார். நாசரேத் பக்கத்துக்காரன். சென்னையில் வெளிநாட்டு ஆராய்ச்சிப் பத்திரிகைகளுக்குப் பக்கம் அடுக்கிக் கொடுக்கிற கம்பெனியில் நாலைந்து வருஷம் இருந்தவன். அம்மா திருப்பூரில் தையல் வேலைக்கு வந்துவிட்டதால் இவனும் இங்கேயே வந்துவிட்டான். இதில் என்ன இருக்கிறது என்பீர்கள். சித்ரகலா கணவனிடம் இட்லியை வைத்துக்கொண்டே கேட்டாள்:

"மெட்ராஸ்ல ஏசி ரூம்ல உக்காந்திருந்தவன் எதுக்குங்க இந்தப் புழுதிக்கு வரான்?"

"அம்மா இங்க இருக்குதுன்னு நீதான சொன்னே" என்றார் பொன்னுச்சாமி.

"அப்படின்னு அவன் சொன்னானுங்க."

பொன்னுச்சாமி சட்னியைத் தொட்டுக்கொண்டார்.

முதல் வாரம் ஜெபக்குமார் அவளுக்கு அருகில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தான். இந்த வரிக்கு முன்னால் இதைப் போடுங்கக்கா, இங்கே அடைப்பை மூடுங்கக்கா என்று நிதானமாகத்தான் சொன்னான். சில குறிகளை அப்படியே அடிக்கக்கூடாது என்றும் ஏதோ சொன்னான். சித்ரகலாவின் கவனம் அதில் இல்லை. அவன் சட்டைப் பையில் இரண்டு போன் இருந்தது. ஒரு மனுஷனுக்கு இரண்டு போன் எதற்கு என்ற கேள்வியிலேயே அந்தப் பாடம் முழுக்க முடிந்துபோயிற்று. அவன் "புரிஞ்சுதாக்கா?" என்றபோது, "புரிஞ்சுது தம்பி" என்றாள்.

வேலை இப்படிப் பிரிந்தது. பகலில் சித்ரகலா ஒவ்வொரு ஸ்டைலுக்கும் விவரத்தை அடித்து வைப்பாள். சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போன பிறகு ஜெபக்குமார் அன்றைக்கு அடித்ததையெல்லாம் எடுத்துப் பட்டனைத் தட்டி, பக்கமாக்கி, எல்லாப் பிரிவுக்கும் அனுப்பிவிடுவான். வந்த பக்கங்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமே! அட்டவணைக் கோடுகள் நூல் பிடித்த மாதிரி. படம் தன் இடத்தில் அசையாமல். ஒவ்வொரு பக்கத்துக் கீழேயும் எண். பையர் ஒருத்தர், இந்தியாவில் யாரும் எங்களுக்கு இப்படி ஒரு ஷீட் கொடுத்ததில்லை என்று மெயில் போட்டார். அதைப் பூங்குழலி அச்செடுத்துச் சுவரில் ஒட்டினாள்.

சித்ரகலா அந்த மெயிலையும் நம்பவில்லை. தாளையும் நம்பவில்லை. இவ்வளவு லட்சணமாக ஒன்று இருக்கிறதென்றால் அதற்குப் பின்னால் என்னவோ இருக்கிறது என்பது அவள் கணக்கு. மாப்பிள்ளை ரொம்ப நல்லவர் என்று ஊரே சொன்னால் பெண்ணைப் பெற்றவன் பயப்படவேண்டாமா?

பிறகு அவள் ஒன்றைக் கண்டுபிடித்தாள். காலையில் வந்து ஃபோல்டரைத் திறந்தால், ஒவ்வொரு ஃபைலுக்கு நேராகவும் அது கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று கம்ப்யூட்டர் காட்டும். அவள் அடித்து முடித்து வீட்டுக்குக் கிளம்பிய பிறகு அந்த ஃபைல்களை யாரோ மாற்றியிருந்தார்கள். யாரோ என்ன, அவன்தான். அச்சான ஷீட்டையும் பையர் விவரம் சொல்லி அனுப்பியிருந்த மெயிலையும் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி விரல் வைத்துப் பார்த்தாள். எல்லாம் சரியாகவே இருந்தது. ஒரு எண்கூட மாறவில்லை.

வேறு யாராக இருந்தாலும் அதோடு நிம்மதியாகத் தேநீர் குடிக்கப் போயிருப்பார்கள். சித்ரகலாவுக்கோ அப்போதுதான் பயமே வந்தது. ஒன்றும் மாற்றவில்லை என்றால் எதற்குத் தொட்டான்? சோழியன் குடுமி சும்மா ஆடுமா? பக்கத்துக் கம்பெனிக்கு அளவுகளை எடுத்துக் கொடுக்கிறானா? உள்ளே எதையாவது ஒளித்து வைக்கிறானா? நாளைக்கு ஏதாவது ஆனால் சித்ரகலா அடித்த ஃபைல்தானே என்று கையைக் காட்டப் பார்க்கிறானா? அன்றிலிருந்து தினமும் காலையில் அந்த நேரங்களைத் தன் போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டாள்.

ஒரு நாள் நேராகவே கேட்டாள். செக்‌ஷனில் நாலு பேர் இருந்தார்கள்.

"ஏந்தம்பி, நான் போனதுக்கப்புறம் என்ற ஃபைலத் தொடறயா?"

"ஆமாக்கா" என்றான் அவன், ஒளிக்காமல். "லேசா ஒரு இடத்துல சரி பண்ணிக்கிடுவேன்."

"எந்த எடம்?"

அவன் சுற்றிலும் பார்த்தான். மற்றவர்கள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். "சின்ன விஷயம்க்கா, விடுங்க" என்று சிரித்தான்.

இத்தனை வருஷம் இந்த வேலையில் இருக்கும் ஒரு பெண்ணிடம், நீங்கள் தப்பாக அடிக்கிறீர்கள் என்று நாலு பேர் முன்னால் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. அது அவன் மரியாதை. அவளுக்கு அது மழுப்பலாகத்தான் கேட்டது. விடுங்கள் என்று சொல்லப்பட்ட எதையும் சித்ரகலா தன் வாழ்நாளில் விட்டதில்லை.

பூங்குழலி ஜெர்மனிக் கண்காட்சிக்கும் பையர்களைப் பார்க்கவும் ஒரு மாசப் பயணம் கிளம்பிய வாரம் சித்ரகலா காரியத்தில் இறங்கினாள். கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற மோகன்ராஜைக் கூப்பிட்டு, தன் ஃபோல்டருக்கு ஒரு பாஸ்வேர்டு போடச் சொன்னாள். "மேடத்த ஒரு வார்த்த கேட்டுக்கறனுங்க" என்று அவன் தயங்கினான். "நானே முதலாளிகிட்டச் சொல்லிக்கறேன், நீங்க போடுங்க" என்றாள். முதலாளியிடம் சித்ரகலா சொன்னால் அது நடந்த மாதிரிதான் என்று மோகன்ராஜுக்குத் தெரியும். போட்டுவிட்டான். பட்டனைத் தட்டிப் பக்கமாக்குவது எப்படி என்று அவள் ஏற்கெனவே ஜெபக்குமாரின் தோளுக்குப் பின்னால் நின்று வேவு பார்த்தே கற்றுக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் அவன் வந்து நின்றான்.

"அக்கா, ஃபோல்டர் தொறக்க மாட்டேங்கே."

"இனி நானே பாத்துக்கறேன் தம்பி. நானே அனுப்பிக்கறேன்."

"அனுப்புங்கக்கா. அதுக்கு முன்னால ஒரு தடவ நான் பாத்துக்கிடுதேன். அந்தக் குறியெல்லாம்..."

"எனக்குத் தெரியும். நீ உன்ற வேலையப் பாரு."

அவன் பிடரியைத் தடவிக்கொண்டான். பிறகு போய்விட்டான். சித்ரகலா அன்றைக்கு வீட்டுக்குப் போய் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாள்.

அந்த வாரம் போன ஷீட்டுகளில் பெரும்பாலும் முழுப் பருத்தித் துணிகள். ஒன்று மட்டும் குழந்தைகள் டாப்ஸ். அதற்குத் துணிக்கலவை காட்டன் 95%, லைக்ரா 5%. உடம்போடு பிடித்து நிற்க வேண்டும், கழற்றினால் பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும் என்பதற்காக அந்த லைக்ரா. சித்ரகலா அதை அப்படியே அடித்தாள். திரையில் ஒன்றுக்கு மூன்று முறை பார்த்தாள். வேர்டில் வேலை செய்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் பார்ப்பார்கள், திரையில் இருப்பதுதானே தாளில் வரும்! பட்டனைத் தட்டினாள். புத்தகம் மாதிரிப் பக்கம் வந்தது. பையர் பெயர், ஸ்டைல் நம்பர், தேதி, அளவுகள் எல்லாவற்றையும் அவன் ஏதாவது விளையாடியிருக்கிறானா என்ற கண்ணோடு பார்த்துவிட்டு, தானே மூன்று முறை பார்த்து அடித்த துணிக்கலவையை மட்டும் தாளில் மறுபடி பார்க்காமல் அனுப்பினாள். அவன் கை பட வழியில்லாத தாள் அது. அதனால் அந்தத் தாளில் முதல் முறையாக அவளுக்கு நம்பிக்கை இருந்தது.

துணி செக்‌ஷன் பொறுப்பில் இருந்தவர் பாண்டித்துரை, விருதுநகர்க்காரர். வேர்டு ஷீட் காலத்தில் எதற்கெடுத்தாலும் போன் பண்ணிக் கேட்கிற மனுஷன். இந்தப் புதுத் தாள் வந்ததிலிருந்து போனை நிறுத்திவிட்டார். அவர் கைக்கு வந்த தாளில் துணி என்ற இடத்துக்கு எதிரே 'காட்டன் 95' என்று மட்டும் இருந்தது. ஏதோ பஞ்சு ரகம் போல என்று எடுத்துக்கொண்டு, லைக்ரா சேர்க்காமல் நிட்டிங்கில் துணி ஓட்டச் சொல்லிவிட்டார். லைக்ரா நூல் குடோனில் அப்படியே கிடந்தது, வேறு ஆர்டருக்கு வந்தது என்று குடோன்காரர் நினைத்துக்கொண்டார். துணி சாயத்துக்குப் போய் வந்தது, வெட்டவும் ஆரம்பித்துவிட்டார்கள். முதலில் தைத்த உருப்படியைத் தரப் பரிசோதனையில் இருக்கும் பெண் கழுத்தைப் பிடித்து இழுத்து விட்டாள். அது இழுத்த இடத்திலேயே தொய்ந்து நின்றது.

அய்யாசாமியின் அறையில் எல்லோரும் நின்றார்கள். குரலை உயர்த்தாத மனிதர் அவர். அன்றைக்கும் உயர்த்தவில்லை. முகம் மட்டும் கறுத்திருந்தது.

"ஏனுங் பாண்டித்துரை, ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதுங்களா?"

"தாளு அவ்வளவு சுத்தமா இருந்துச்சுங்க சார். இதுல போய் எவன் தப்புப் பண்ணியிருக்கப் போறான்னு நெனச்சுட்டேன்."

"சித்ரகலா?"

சித்ரகலா தன் போனை எடுத்து மேசையில் வைத்தாள். நாள்வாரியாகப் பிடித்த படங்கள். "நான் அடிச்சது சரியா இருக்குதுங்க சார், இப்பக்கூடத் தொறந்து காட்டறேன். லைக்ரா அஞ்சு சதவீதம்னு அதுலயே இருக்குது. தாள்ல காணோம். இத்தன நாளா நான் போனதுக்கப்புறம் இந்தத் தம்பி என்ற ஃபைலையெல்லாம் தொட்டிருக்குது. நான் பூட்டுப் போட்டதும் கோவத்துல மெஷினுக்குள்ளயே ஏதோ பண்ணி வெச்சிருக்குதுங்க."

"தொட்டியாப்பா?"

"தொட்டேன் சார்" என்றான் ஜெபக்குமார். "அக்கா அடிக்கதுல அந்தக் குறிக்கு முன்னால..."

"பாத்தீங்களா, பழிய எம்மேலயே திருப்பறான்" என்றாள் சித்ரகலா.

அய்யாசாமி கையை உயர்த்தி நிறுத்தினார். சித்ரகலாவின் இருபது வருஷம் ஒரு பக்கம், இவனுடைய ஆறு மாசம் ஒரு பக்கம். அவருக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "சனிக்கெழமையோட நின்னுக்கப்பா. பாப்பா ஜெர்மனில இருந்து வந்ததும் நான் சொல்லிக்கறேன்" என்றார்.

திருப்பூரில் ஒரு வேலை போவது பெரிய விஷயம் இல்லை, பத்துக் கம்பெனி தாண்டினால் இன்னொரு கேட்டில் ஆள் தேவை என்று பலகை தொங்கும். ஆனால் ஃபைலில் கை வைத்து ஆர்டரைக் கெடுத்தவன் என்ற பேரோடு வெளியே போகிறவனுக்கு எந்தக் கேட்டும் திறக்காது. மதியச் சாப்பாடு முடிவதற்குள் அந்தப் பேச்சு நாலு கம்பெனிக்குப் போய்விட்டது. ஜெபக்குமார் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்ததைச் சித்ரகலா பார்த்தாள். பாவமாகத்தான் இருந்தது. வேண்டும் இவனுக்கு என்றும் இருந்தது.

மறுநாள் அந்த டாப்ஸுக்குத் திருத்திய ஷீட் அனுப்பவேண்டும். அவளே உட்கார்ந்தாள். அந்த வரியை அழித்துவிட்டுப் புதிதாக அடித்தாள்: காட்டன் 95%, லைக்ரா 5%. தட்டினாள். தாளில் 'காட்டன் 95'. லைக்ராவைக் காணோம்.

இன்னும் உள்ளேதான் இருக்கிறது அவன் வைத்த வேலை, என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். மோகன்ராஜைக் கூப்பிட்டு, ஜெபக்குமார் கையே படாத ஒரு கம்ப்யூட்டரில் புதிதாக அந்த மென்பொருளை ஏற்றச் சொன்னாள். அதில் அடித்தாள். 'காட்டன் 95'. லைக்ராவை முதலில் அடித்துப் பார்த்தாள். 'லைக்ரா 5' வந்தது, காட்டனைக் காணோம். சதவீதக் குறியை எடுத்துவிட்டு அடித்தாள். இரண்டும் வந்தன. குறியைத் திரும்பப் போட்டாள். அதற்கு வலப்பக்கம் இருந்ததெல்லாம் துடைத்து வைத்த மாதிரிப் போயிற்று.

அப்படியானால் இத்தனை மாதமாக எப்படிச் சரியாக வந்தது? பூட்டுப் போடுவதற்கு முன்னால் அடித்த ஒரு பழைய ஃபைலைத் திறந்தாள். தாளைத்தான் அவள் விரல் வைத்துப் பார்த்திருக்கிறாளே தவிர, தான் அடித்த ஃபைலை மறுபடி திறந்து பார்த்ததே இல்லை. தன் கை அடித்ததை எதற்குச் சந்தேகப்பட வேண்டும்? அதில் ஒவ்வொரு சதவீதக் குறிக்கு முன்னாலும் சாய்வாக ஒரு சின்னக் கோடு இருந்தது. அவள் போடாத கோடு. அடுத்த ஃபைலைத் திறந்தாள், அதிலும் இருந்தது. அதற்கு அடுத்ததிலும். கலவைக்கு ஒன்று, சுருக்க அளவுக்கு ஒன்று, அவள் விட்ட இடமெல்லாம் ஒன்று விடாமல் போட்டிருந்தான். கோடு இல்லாவிட்டால் மெஷின் அந்தக் குறியைத் தனக்குச் சொன்ன சமிக்ஞையாக எடுத்துக்கொண்டு, வரியின் மிச்சத்தைத் தாளில் ஏற்றாமல் விட்டுவிடும். முதல் வாரம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னது இதைத்தான். தினமும் சாயங்காலம் உட்கார்ந்து யாரிடமும் சொல்லாமல் அவள் தப்பை மூடிவைத்திருக்கிறான். அதைத்தான் அவள் தினமும் காலையில் வந்து படம் பிடித்திருக்கிறாள்.

ஒரு திருடனைப் பிடிக்கப் போட்ட பூட்டில் தன் காவல்காரனையே வெளியே தள்ளிவிட்டோமே என்று நினைத்தாள். ஊரில் ஒருத்தரை விடாமல் சந்தேகப்பட்டவளுக்குத் தன் மேல் மட்டும் ஒரு நாளும் சந்தேகம் வரவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்?

உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது, ஆனால் அவளுக்கு வேறொரு யோசனையும் வந்தது. கோட்டைப் போட்டுவிட்டால் தாள் சரியாகிவிடும். சனிக்கிழமை வந்தால் அவன் போய்விடுவான். பூங்குழலி திரும்பி வந்து கேட்டால், அவன் போனதும் சரியாகிவிட்டது என்று சொல்லலாம், அதை எல்லோரும் நம்புவார்கள், அவள் சொன்னால் யார் நம்பாமல் இருக்கிறார்கள்? அன்றைக்குப் பூராவும் அந்த யோசனையோடு உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்து பொன்னுச்சாமியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஒன்றும் அறிவுரை சொல்லவில்லை. "அந்தப் பையனோட அம்மா எந்தக் கம்பெனில தைக்குது?" என்று மட்டும் கேட்டார். சித்ரகலாவுக்குத் தெரியவில்லை. அவனுக்கு அம்மா உண்டு என்பதையே அவள் இன்னும் நம்பியிருக்கவில்லை.

காலையில் முதலாளி அறைக்குப் போனாள். சொன்னதைக் கேட்ட அய்யாசாமி சிரித்தே விட்டார்.

"ஒரு குறி ஒரு வரியவே முழுங்கிருமுங்களா? ஏம்மா, அந்தப் பையன் ஊட்டுல இருந்து யாராச்சும் வந்து அழுதாங்களா?"

"இல்லீங்க சார்."

"எரக்கப்பட்டுச் சொல்றீங்க. உங்களுக்கு எரக்கம் வந்து நான் பாத்ததில்ல. அதனாலதான் சந்தேகமா இருக்குது."

அவள் மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள். கோடு இல்லாமல் அடித்துத் தட்டினாள். கோட்டோடு அடித்துத் தட்டினாள். அவர் நம்பாமல் தானே ஒரு விரலால் அடித்துப் பார்த்தார். அவர் அடித்ததும் காணாமல் போயிற்று. நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"சரி. பையன இருக்கச் சொல்லுங்க. மெஷின் கோளாறுன்னு சொல்லிக்கலாம். உங்களப் பத்தி வெளிய ஒரு பேச்சு வரக்கூடாது."

"அவனப் பத்தி எல்லாத்து முன்னாடியுந்தானுங்க சார் சொன்னேன். அதே மாதிரி இதையும் சொல்லிடறேன்."

சொன்னாள். பாண்டித்துரை இருந்தார், மோகன்ராஜ் இருந்தான், செக்‌ஷன் ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள். தப்பு என்னுது, தம்பி மேல ஒண்ணும் இல்லை, தினமும் அவன்தான் சரி பண்ணிக் குடுத்திருக்கான் என்று சொல்லி முடித்தாள். பிறகு அவனைப் பார்த்து, "மன்னிச்சுக்க தம்பி" என்றாள். இதைச் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை.

"சரிக்கா" என்றான் ஜெபக்குமார்.

அவன் போகவில்லை. வழக்கம் போல வந்தான், வழக்கம் போல வணக்கம் சொன்னான். மோகன்ராஜ் பாஸ்வேர்டை எடுத்துவிட்டான். சித்ரகலா இப்போது சதவீதக் குறி வந்தால் விரலை நிறுத்தி, கோட்டைப் போட்டுவிட்டுத்தான் மேலே போனாள். காலையில் வந்து பழக்க தோஷத்தில் ஃபைல்களின் நேரத்தைப் பார்த்தாள். எல்லாமே அவள் கடைசியாகத் தொட்ட நேரமாக இருந்தன. பூட்டு இல்லை. ஆனாலும் யாரும் திறந்திருக்கவில்லை.

ஒரு நாள் ஒரு ஷீட் பக்கமாகவே வரமாட்டேன் என்றது. திரையெல்லாம் சிவப்பு எழுத்து. சதவீதக் குறிகளைப் பார்த்தாள், எல்லாவற்றுக்கும் கோடு இருந்தது. மதியம் வரை முட்டிப் பார்த்தாள். பையர் ஷீட்டுக்குக் காத்திருந்தார். ஜெபக்குமார் அவள் மேசையைத் தாண்டித் தண்ணீர் பிடிக்கப் போனான், திரும்பி வந்தான். போகும்போதும் வரும்போதும் அவன் பார்வை அந்தத் திரையில் பட்டது. ஸ்டைல் நம்பருக்கு நடுவில் இருந்த அடிக்கோடுதான் காரணம், அதற்கு முன்னாலும் அந்தச் சாய்வுக் கோடு வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டான்.

சித்ரகலா எழுந்து அவன் மேசைக்குப் போனாள். தன் வேலையைப் பார்த்துக் கொடு என்று அவள் இதுவரை யாரிடமும் கேட்டதில்லை.

"ஜெபா, அந்த ஃபைலக் கொஞ்சம் பாத்துக் குடு கண்ணு."

"பாக்குதேன்க்கா" என்றான் அவன். "ஆனா எழுதிக் குடுங்க. எந்த ஃபைல், எதுக்காகத் தொடச் சொல்லுதீங்கன்னு ஒரு வரி. கீழ கையெழுத்து."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். கேலியாக இருக்கும் என்று தேடினாள், கோபமாகவாவது இருக்கும் என்று தேடினாள். இரண்டும் இல்லை. மரியாதையாகத்தான் கேட்டான். செக்‌ஷனில் நாலு பேர் தலையைத் திருப்பிப் பார்த்தார்கள். அவள் ஒரு தாளைக் கிழித்து, நின்றபடியே எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

அவன் அதை ஒரு முறை படித்தான். வரிக்குக் கீழே விரல் வைத்து மறுபடியும் படித்தான்.

"தேதி போடலியேக்கா" என்று திருப்பி நீட்டினான்.

சித்ரகலா வாங்கித் தேதியைப் போட்டாள்.